கள்ளத்தராசும் சர்வீஸ் பில்லும்



விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலை உங்களில் அநேகர் அறிவீர்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பு, கோலார் தங்கவயலின் லைன் வீடுகளிலிருந்து பிழைப்பைத் தேடிப் புறப்பட்டவர்களை அன்றாடம் சுமந்து செல்வது அந்த ரயில்தான். ஸ்கெலட்டன் பகுதியைச் சேர்ந்த ஒரு சகோதரரும் அப்படிப் புறப்பட்டவரே. அவருடைய தகப்பனார் பூமிக்கடியில் வேலை செய்தவர். இவரோ சில ஆண்டுகள் ரயிலில் போய்வந்து, பின்பு வங்கிக் கடனில் ஒரு காரை வாங்கி, பெங்களூரில் தாமே டாக்சி ஓட்டி வருகிறார். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் தவறாமல் ஊருக்கு வந்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் வாடியிருந்தது. ஆராதனை முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். கார் விற்பனை நிறுவனம் ஒன்றின் சர்வீஸ் பிரிவு கொடுத்த பில் அது.

"வண்டியை விடும்போது 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள், அண்ணே. எடுக்கப் போனபோது 11,200 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டினால்தான் சாவி என்றார்கள். கட்டிவிட்டேன். பிரேக்கில் சத்தம் வருகிறது என்று சொல்லித்தான் வண்டியையே விட்டேன். அந்தச் சத்தம் இன்னும் போகவில்லை" என்றார்.

கூடுதலான 4,700 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பில்லைப் பார்த்தோம். என்ஜின் ஃபிளஷிங் 900, இன்ஜெக்டர் கிளீனிங் 1,100, ஏசி கிருமிநீக்கம் 1,000, அடிப்பாகக் கோட்டிங் 1,200, 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்ற பெயரில் 500. அந்த வாரத்துக் கடன் தவணைக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. "இதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கேட்டார். ஜெபித்தோம். ஆனால் ஜெபத்தோடு செய்யவேண்டிய வேறு காரியங்களும் இருந்தன. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மறைந்திருக்கும் கட்டணம் எங்கே?

தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு நிறையின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை. பிற்காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்தும் கிடைத்தது சில கிராம் பொன்னே. அங்கே தராசு பொய் சொன்னால் ஒருவனுடைய உழைப்பே பொய்யாகிவிடும். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று வேதம் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் எச்சரிக்கிறது (லேவி. 19:35, 36, நீதி. 11:1, 20:10). மரக்காலைக் குறைத்து விலையைக் கூட்டிய வியாபாரிகளை ஆமோஸ் தீர்க்கதரிசி கடிந்துகொண்டார் (ஆமோஸ் 8:5). இன்று தராசு கடையின் முகப்பில் தொங்குவதில்லை. அது பில்லின் வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

'இலவச சர்வீஸ்' என்பதை முதலாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இலவசம் பெரும்பாலும் வேலைக்கூலி மட்டுமே. ஆயில், ஃபில்டர் போன்ற பொருட்களுக்குப் பணம் உண்டு. இது வஞ்சகம் அல்ல, ஆனால் முன்னதாகச் சொல்லப்படவேண்டும். அடுத்தது, கேளாமலே சேர்க்கப்படும் வேலைகள். வண்டியுடன் வரும் கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு எதைச் செய்யவேண்டும், எதை மாற்றவேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. அதில் இல்லாத 'கிளீனிங்', 'கோட்டிங்' வகைகள் நீங்கள் விரும்பினால் மட்டுமே செய்யப்படவேண்டியவை. மூன்றாவது, மாற்றாத பாகத்தை மாற்றியதாக எழுதுவது. நான்காவது, 'இதர செலவு' போன்ற, பொருள் விளங்காத வரிகள்.

வரியையும் கவனியுங்கள். சர்வீஸ் கூலிக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. உதிரிப்பாகங்கள் பலவற்றுக்கு முன்பு 28 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அவை எல்லாவற்றுக்கும் 18 விழுக்காடே. உங்கள் பில்லில் பழைய விகிதம் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

இது ஒருவருடைய குறை மாத்திரம் அல்ல

சிறிய மனிதரிடத்தில் மாத்திரம் இது நடக்கிறது என்று எண்ணவேண்டாம். கார் நிறுவனங்கள் அசல் உதிரிப்பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுக்கின்றன என்று 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுக்கப்பட்டது. மூன்று நிறுவனங்களின்மேல் தொடங்கிய விசாரணை மற்றவற்றுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

வண்டியை வாங்கியவனுக்கு வேறு வாசல் இல்லாதபடி செய்துவிட்டால், விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் முழுவதும் ஒரே கைக்குப் போய்விடுகிறது என்பதே அந்த வழக்கின் சாரம். வெளியிலுள்ள மெக்கானிக்கிடம் போனதற்காக வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்றும் ஆணையம் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தன்னிடம் வந்த சில நிறுவனங்களின் அபராதத் தொகையைக் குறைத்தது. எனினும், நாம் கேட்பது நியாயமற்ற கேள்வி அல்ல என்பதை இவ்வழக்கு நாட்டுக்கே எடுத்துக் காட்டியது.

விசுவாசி முறையிடலாமா?

"நாம் தேவ பிள்ளைகள், போகட்டும் என்று விட்டுவிடவேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான். சகோதரன் சகோதரனை வழக்குக்கு இழுக்கலாகாது என்று பவுல் கொரிந்து சபையாரைக் கண்டித்தார் (1 கொரி. 6). அதே பவுல், பிலிப்பி பட்டணத்தில் விசாரியாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, இரகசியமாய்ப் போக மறுத்தார் (அப். 16:37). எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது தம் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார் (அப். 22:25). சட்டம் கொடுத்த பாதுகாப்பை அவர் அவிசுவாசம் என்று தள்ளிவிடவில்லை. நமக்கும் அப்படிப்பட்ட பாதுகாப்பு உண்டு.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. சேவையில் குறைபாடு இருந்தாலும், நேர்மையற்ற வணிகமுறை இருந்தாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரை வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இச்சட்டத்தில் இரண்டு நன்மைகளை நினைவுபடுத்த விரும்புகிறேன். முதலாவது, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தில் மாத்திரம் அல்ல, நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோகூட முறையீடு செய்யலாம். பெங்களூரில் நடந்த குறைக்காகக் கோலார் மாவட்ட ஆணையத்தையும் நாடலாம். இரண்டாவது, டாக்சி ஓட்டுகிறவர்கள் "நாங்கள் தொழிலுக்காக வாங்கினோமே, எங்களுக்கு இது பொருந்துமா?" என்று தயங்குவதுண்டு. சுயதொழிலால் தன் பிழைப்பை நடத்துவதற்காக மாத்திரம் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே என்று சட்டம் சொல்லுகிறது. தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ ரிக்‌ஷா வாங்குகிறவரையே உச்சநீதிமன்றம் 1995-இல் இதற்கு உதாரணமாகக் காட்டியது.

ஆணையத்துக்குப் போகுமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அநேக காரியங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

வண்டியை விடுமுன் செய்யவேண்டியவை

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முன்னதாக உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் கேட்டார் (லூக். 14:28). சர்வீசுக்கும் அது பொருந்தும்.

1. ஜாப் கார்டில் வேலைகளும் உத்தேசத் தொகையும் எழுதப்பட்ட பின்பே கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

2. வண்டியின் குறையை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். 'பிரேக் பிடிக்கும்போது சத்தம்' என்று எழுதியிருந்தால், அது சரியாகவில்லை என்று பின்பு சொல்ல முடியும். 'ஜெனரல் செக்கப்' என்றிருந்தால் முடியாது.

3. கூடுதல் வேலை ஏதாயினும் தொகையுடன் எழுத்தில் அனுப்பி, என் சம்மதம் பெற்றே செய்யவேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதுங்கள்.

4. மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள்.

5. கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, வண்டியின் நான்கு புறம் ஆகியவற்றைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. பணம் கட்டுமுன் வண்டியை ஓட்டிப் பாருங்கள். பில்லை வரிவரியாக வாசியுங்கள். அவசரத்தால் கட்டவேண்டியிருந்தால், 'ஆட்சேபணையுடன் செலுத்தப்பட்டது' என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

அந்தச் சகோதரர் மறுநாளே ஜாப் கார்டின் பிரதியைக் கேட்டு வாங்கினார். கூடுதல் வேலைகள் ஒன்றும் அதில் இல்லை. நிதானமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பாகத்தில் பழைய மண் அப்படியே ஒட்டியிருந்தது. கோட்டிங் போடவே இல்லை. கோட்டிங்குக்கும் இன்ஜெக்டர் வேலைக்கும் சேர்த்து 2,300 ரூபாய் திரும்பக் கிடைத்தது. பிரேக்கையும் கூலி வாங்காமல் சரிசெய்தார்கள். மீதிப் பணம் வரவில்லை. ஏனெனில், அவசர சவாரி ஒன்றின் நடுவே வந்த தொலைபேசி அழைப்புக்கு, "சரி, செய்யுங்கள் சார்" என்று அவரே சொல்லியிருந்தார்.

மேசைக்கு மறுபுறம்

இதோடு முடித்திருந்தால் இது ஒரு நுகர்வோர் கட்டுரையாக மாத்திரம் இருந்திருக்கும். ஆனால் அந்த ஞாயிறு மாலை, பெங்களூரில் வேறொரு நிறுவனத்தில் சர்வீஸ் அட்வைசராக இருக்கும் வாலிபர் ஒருவர் தனியே வந்தார். அவரும் நம் சபையில் வளர்ந்த பிள்ளை. "அண்ணே, காலையில் நீங்கள் வாசித்த பில்லிலுள்ள வரிகளை தினமும் எழுதுகிறவன் நான். கிளீனிங், கோட்டிங் இத்தனை விற்கவேண்டும் என்று மாதந்தோறும் இலக்கு இருக்கிறது. எட்டாவிட்டால் ஊக்கத்தொகை இல்லை. ஊரில் அம்மாவுக்கு அந்தப் பணத்தைத்தான் அனுப்புகிறேன்" என்று சொல்லி அழுதார்.

வேலையை விட்டுவிடு என்று சொல்வது எளிது. யோவான் ஸ்நானனிடம் ஆயக்காரர் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, அவர் அவர்களை வேலையை விடச் சொல்லவில்லை, கட்டளையிடப்பட்டதற்கு அதிகமாய் வாங்காதிருக்கச் சொன்னார் (லூக். 3:13). அவ்வாலிபர் ஒரு தீர்மானம் எடுத்தார். ஒவ்வொரு கூடுதல் வேலையையும் இது அவசியமா, விருப்பத்துக்குரியதா என்று வாடிக்கையாளரிடம் சொல்லிய பின்பே எழுதுவது. அந்த மாதம் ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. மேலாளர் அவரைக் கடிந்துகொண்டார். எனினும் அவர் தீர்மானத்தை மாற்றவில்லை. அவருக்காகச் சபை இன்றும் ஜெபிக்கிறது. அவருடைய தாயாரின் மருந்துச் செலவில் ஒரு பங்கைச் சபையார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். உண்மையாய் இரு என்று பிரசங்கிக்கும் சபை, உண்மையாய் இருப்பதன் செலவிலும் பங்குபெற வேண்டும் அல்லவா?

டாக்சி ஓட்டும் சகோதரரும் இதைக் கேள்விப்பட்டார். "டோல் இல்லாத வழியில் போய்விட்டு, டோல் கட்டணம் என்று பயணியிடம் நானும் வாங்கியிருக்கிறேன்" என்று மெல்லச் சொன்னார். அதன்பின் அவர் ரசீது இல்லாமல் டோல் பணம் கேட்பதில்லை.

பிரியமானவர்களே, பழைய கீறலைப் புதிய விபத்தோடு சேர்த்துக் காப்பீட்டுப் பணம் கேட்பதும் கள்ளத்தராசுதான். சகேயு தன் வீட்டில் ஆண்டவரை ஏற்றுக்கொண்ட அன்று முதலில் திறந்தது அவனுடைய கணக்குப் புத்தகம் (லூக். 19:8). உங்கள் பில்லைத் தைரியமாய்க் கேட்டு வாசியுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கும் பில்லையும் அதே கண்களோடு வாசியுங்கள்.

அந்நிய பட்டணத்தில் பிழைக்கும் உங்கள் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் காப்பாராக. உங்கள் நிறைகல்லைச் சுத்தமாக வைக்கும் கிருபையையும் தந்தருள்வாராக. ஆமென்.