உணவு வரும் வழி

நண்பகல் மணி 12.30. பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையில் உள்ள உணவகங்களின் முன் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. சோறும் குழம்பும் அடங்கிய பொட்டலங்களைப் பெற்றுக்கொண்டு உணவு விநியோகிப்பாளர்கள் ஒவ்வொருவராகப் புறப்படுகிறார்கள். எந்த உணவகத்திற்குச் செல்ல வேண்டும், எந்தச் சாலையில் போகலாம், எந்த வீட்டிற்கு முதலில் கொடுக்கலாம் என்பதையெல்லாம் அவர்களின் திறன்பேசியில் உள்ள செயலி காட்டுகிறது. அதன் பின்னணியில் இருப்பது கணிதம்.

ஒருவர் மூன்று வீடுகளுக்கு உணவு கொண்டு செல்வதாக வைத்துக்கொள்வோம். அவ்வீடுகளுக்கு அவர் 6 வெவ்வேறு வரிசைகளில் செல்லலாம். வீடுகள் ஐந்தானால் 120 வரிசைகள் உள்ளன. பத்து வீடுகளானால் அந்த எண்ணிக்கை 3,628,800 ஆகிவிடும்! இத்தனையையும் ஒப்பிட்டுப் பார்க்க மனிதரால் இயலாது. உணவு ஆறிப்போவதற்குள் ஒரு நல்ல வரிசையைக் கண்டறியக் கணினி உதவுகிறது.

இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதையைக் கண்டறிவதற்கும் ஒரு முறை உண்டு. 1956ஆம் ஆண்டு, நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் ஆம்ஸ்டர்டாம் நகரின் காப்பிக்கடை ஒன்றில் அமர்ந்திருந்தபோது, தாளும் பென்சிலும் இல்லாமல் ஏறக்குறைய 20 நிமிடங்களில் அம்முறையை மனத்திலேயே உருவாக்கினார். 1959ஆம் ஆண்டில் அது கட்டுரையாக வெளிவந்தது. இன்றைய வழிகாட்டும் செயலிகள் பலவற்றிற்கு அம்முறையே அடிப்படையாகும்.

எனினும், குறுகிய பாதை எப்போதும் விரைவான பாதையாக அமைவதில்லை. பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கம் கே.எல். சென்ட்ரல் நிலையமும் தண்டவாளங்களும் உள்ளன. மறுபக்கம் கிள்ளான் ஆறு ஓடுகிறது. தண்டவாளத்திற்கு அப்பால் இருக்கும் பங்சார் கண்ணுக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளது. ஆனால், சாலை வழியே செல்பவர் சுற்றித்தான் போக வேண்டும். அத்துடன் நெரிசலும் மாலை நேர மழையும் சேர்ந்தால் பயண நேரம் கூடிவிடும். எனவே, செயலிகள் தொலைவுடன் போக்குவரத்து நிலையையும் கணக்கில் கொள்கின்றன.

ஆளில்லா வானூர்தியாகிய டிரோனுக்கு ஆறும் தண்டவாளமும் தடையல்ல. அதனால் நேர்க்கோட்டில் பறந்து செல்ல முடியும். 2019ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கன்பராவில் விங் நிறுவனம் டிரோன்வழி விநியோகச் சேவையைத் தொடங்கியது. வீட்டின் மேலே வந்து நிற்கும் டிரோன், கயிற்றின் மூலம் பொட்டலத்தைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். மலேசியாவிலும் 2021ஆம் ஆண்டில் ஏர் ஏசியா நிறுவனம், சைபர்ஜெயாவில் டிரோன்வழி விநியோகத்தைச் சோதிக்கும் திட்டத்தை அறிவித்தது.

அப்படியானால், பிரிக்பீல்ட்ஸ் வானில் ஏன் இன்னும் சாப்பாட்டுப் பொட்டலங்கள் பறக்கவில்லை? காரணங்கள் பல உள்ளன. சிறிய டிரோனால் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையைத்தான் சுமக்க முடியும். ஒரு குடும்பத்திற்கான சோறும் கறியும் அதற்கு மேல் கனக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அடிக்கடி பெய்யும் இடி மழையில் அதனால் பாதுகாப்பாகப் பறக்க இயலாது. சுபாங் விமான நிலையத்தின் அருகே விமானங்களுக்கு ஆபத்து நேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே, சிறப்பு அனுமதியின்றி டிரோன்கள் 400 அடிக்கு மேல் பறப்பதை நம் நாட்டு விதிகள் தடுக்கின்றன. எல்லாவற்றையும் விட, அடுக்குமாடி வீட்டில் வாழ்பவருக்கு முற்றம் இல்லை. பதினைந்தாவது மாடியில் இருப்பவரின் உணவை டிரோன் எங்கே இறக்கும்?

அந்த மாடிவரை இன்றும் மனிதர்தான் செல்கிறார். காவலரிடம் அனுமதி பெற்று, மின்தூக்கிக்காகக் காத்திருந்து, கதவைத் தட்டி உணவைக் கொடுக்கிறார். இந்தக் காத்திருப்பைச் செயலி சரியாகக் கணிக்காவிட்டால், இழந்த நேரத்தை ஈடுசெய்ய அவர் மழையிலும் வேகமாக ஓட்ட நேரிடும். கொடுக்கும் பொட்டலங்களின் எண்ணிக்கைக்கேற்ப வருமானம் பெறுபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் பணம். ஆனால், அவசரமோ அவர் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதனை உணர்ந்து சட்டங்களும் மாறி வருகின்றன. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி, மின்னழைப்பு வாகன ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. பின்னர் அது உணவு விநியோகிப்பாளர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பணியின்போது விபத்து நேர்ந்தால், அதில் பதிந்து சந்தா செலுத்தியவர் உதவி பெறலாம்.

நாளை டிரோன்கள் அதிக எடையைச் சுமக்கலாம். செயலிகள் இன்னும் துல்லியமாகக் கணக்கிடலாம். ஆயினும், நல்ல வழித்திட்டம் என்பது உணவு விரைவாக வருவதை மட்டும் பொறுத்ததன்று. அதைக் கொண்டு வருபவர் பாதுகாப்பாக வீடு திரும்புவதையும் அது கணக்கில் சேர்க்க வேண்டும். உணவு வருவதற்கு ஐந்து நிமிடம் தாமதமாகும் மழைநாளில், கதவருகே காத்திருக்கும் நாமும் அந்தக் கணக்கில் ஒரு பகுதியே.