கழுத்தில் விழும் கையும் ஏழு விநாடியும்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் வாசகி கேட்டிருக்கிறார்: “ஒன்றரை ஷிப்ட் முடிந்து வரும்போது எவனாவது பின்னாலிருந்து கழுத்தை வளைத்தால், வீடியோவில் காட்டுவதுபோலத் தப்ப முடியுமா?”

வீடியோவில் பிடிப்பவரே விட்டுக்கொடுக்கிறார். விரலால் தொட்டாலே ஆள் சுருண்டுவிடுவான் என்ற பேச்சையும், ஒருநாள் முகாமின் சான்றிதழையும் நம்பிவிடாதீர்கள்.

மூச்சு முட்டும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். மூச்சுக்குழல் அடைபட்டாலும் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன் சற்று நேரம் மூளைக்குப் போகும். கழுத்தின் இருபுறமும் ஏறும் கரோட்டிட் தமனிகள் நசுங்கினால் அந்த அவகாசமும் இல்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆக்சிஜனில் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. கையிருப்பு எதுவும் வைப்பதில்லை. 1943இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கழுத்தில் காற்றுப்பட்டை கட்டி இரத்தத்தை நிறுத்தியபோது சராசரியாக 7 விநாடிக்குள் நினைவு தப்பியது. ஜூடோக்காரர்களுக்கு இது முன்பே தெரியும். வரலாறு இவ்வளவு போதும்.

அந்த ஏழு விநாடியைக் கைப்பையில் ஸ்பிரே தேடிச் செலவழிக்கக் கூடாது. டி-ஷர்ட் கழுத்துக்கு ரிப் ஏற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டை வளைத்து ஓரிடத்தில் ஜாயின்ட் போடுகிறோம். வேறெங்கே இழுத்தாலும் ரிப் நீளும், விடாது. விட்டால் ஜாயின்ட்டில்தான் விடும். கழுத்தை வளைத்த கையும் ரிப்தான். முழங்கை அதன் மடிப்பு, மணிக்கட்டுப் பக்கம் ஜாயின்ட். மடிப்பில் நகத்தால் பிறாண்டிப் பயனில்லை. முழங்கை கீல் என்றால், அதிலிருந்து தள்ளி இழுக்க இழுக்க நெம்புதிறன் கூடும். அதனால் உங்கள் இரு கைகளாலும் அவன் மணிக்கட்டைப் பற்றி நெஞ்சோடு கீழே இழுங்கள். அவனுடைய ஒரு கைக்கு எதிராக உங்கள் இரண்டு கை, உடல் எடையும் சேர்த்து. அதே நொடியில் தாடையைத் தாழ்த்தி முழங்கை மடிப்புப் பக்கம் திருப்புங்கள். அங்கேதான் குரல்வளைக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. பிடி தளர்ந்ததும் தோளைத் தாழ்த்தித் திரும்பி, கத்திக்கொண்டே ஓடுங்கள்.

இது உறுதிச்சீட்டு அல்ல. பலசாலி முழுதாக இறுக்கிவிட்டால் கடினம்தான். கை விழுந்த முதல் நொடியிலேயே தொடங்கினால் வாய்ப்பு கூடும். நல்ல ஆசிரியரிடம் பலமுறை பழகுங்கள். தோழிகள் ஒருவர் கழுத்தை ஒருவர் இறுக்கிப் பார்க்கவே வேண்டாம்.

தப்பி வந்த பிறகும் ஒன்று பாக்கி. வெளியே தடம் இல்லாவிட்டாலும் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். குரல் கம்மினாலும், விழுங்க வலித்தாலும், ஒன்றுமே தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காவல் உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.