வன்னியில் கைத்தொழிலும் வாசிகசாலையும்

வன்னி என்ற சொல் செவியில் விழுந்தவுடன் நம்மவர் மனக்கண்ணிலே தோன்றுவன குளமும் வயலும் காடுமே. அந்நிலத்தில் ஒரு காலத்தில் இரசாயனத் தொழிற்சாலை ஒன்று இயங்கி, நாட்டுக்கு வேண்டிய எரிசோடாவையும் குளோரீனையும் ஆக்கி அளித்தது என்பதை இக்கால மாணவருட் பலர் அறியார். இலங்கையின் கரையோரத்தை 1796 இலே கைக்கொண்ட ஆங்கிலேயர் 1948 வரை ஆட்சி செலுத்தினர். அந்த நூற்றைம்பது ஆண்டுகளில் வன்னி மக்களின் கைத்தொழிலுக்கும் வாசிப்புக்கும் அவ்வரசாங்கம் அளித்த ஊக்கம் யாது? ஒன்றுமே அளித்திலர் என்று கூறி இவ்வினாவைத் தள்ளிவிடுவது எளிது. ஆயினும் அது முழு உண்மையன்று. ஒரு துறையில் அவர்கள் செம்மையான வழியொன்றைக் கண்டனர். ஆனால் அவ்வழியை மற்றைத் துறைகளுக்குக் கொண்டு சென்றாரில்லை. இதுவே ஈண்டு ஆராயத்தக்கது.

அத்துறை குளம். பிறர் மதகு என்பதை வன்னியார் துருசு என்பர். துருசும் கட்டும் பழுதின்றி இருந்தாலன்றி வன்னியிலே வாழ்வில்லை. 1832 இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நீக்கப்பட்டது. மனிதத்தன்மை நோக்கின் அது போற்றத்தக்க செயலே. எனினும் ஊர்க்குளங்களின் கட்டைப் பேணுமாறு ஒருவரை ஒருவர் வற்புறுத்தும் பழைய ஒழுங்கும் அதனோடு தளர்ந்து போயிற்று. இக்குறையை உணர்ந்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் நீர்ப்பாசனச் சட்டத்தைக் கொணர்ந்து, ஊரார் தம் பழைய வழக்கங்களுக்குச் சட்டவலிமை பெற வழிசெய்தார். பின்னர் கிரகரி தேசாதிபதியின் காலத்தில், 1870களில், வறண்ட பிரதேசக் குளங்களைத் திருத்தும்போது ஒரு கொள்கை வலுப்பெற்றது. குளக்கட்டை மண்ணிட்டு உயர்த்துவது ஊரார் கடன். அவர்கள் அதனை முடித்தால் துருசை அரசாங்கம் அமைத்துக் கொடுக்கும்.

இக்கொள்கையின் சிறப்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். மண்வேலைக்கு வேண்டியவை உழைப்பும் ஊர் ஒற்றுமையும். அவை ஊராரிடம் உண்டு. துருசுக்கு வேண்டியவை கொத்து வேலையும் இரும்பும் பொறியியல் அறிவும். அவை அவர்களிடம் இல்லை. இல்லாததை மட்டும் அரசாங்கம் கொடுத்தது. தம் கையால் கட்டிய குளம் ஆதலின், அடுத்த மாரியில் அது உடையாமற் காப்பதும் தம் வேலையே என்று ஊரார் எண்ணினர். இரணைமடு போன்ற பெருங்குளம் வேறு வகையினது. 1902 இல் வேலை தொடங்கி 1920 அளவில் நிறைவெய்திய அக்குளம் முற்றும் அரசாங்கத்தின் ஆக்கம். அதன் நீரை நம்பி 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றங்கள் எழுந்தன.

நீருக்கு இவ்வாறு கை கொடுத்த அரசாங்கம் மற்றையவற்றில் எவ்வாறு நடந்தது? காட்டை எடுத்துக்கொள்வோம். பாலையும் முதிரையும் கருங்காலியும் வன்னியின் செல்வம். அவற்றை வெட்டுதற்கு அனுமதிப் பத்திரமும் கட்டணமும் விதித்தனர்; தச்சுத்தொழிலை வளர்க்க ஒரு பட்டறைதானும் வைத்தாரில்லை. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றபோது வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஆகிய இடங்கள் கொழும்போடும் யாழ்ப்பாணத்தோடும் இணைந்தன. புகையிரதம் மரத்தை ஏற்றிச் சென்றது. மரத்தாற் செய்த பொருளை ஏற்றிச் செல்லவில்லை.

உப்பின் வரலாறு இன்னும் தெளிவானது. அது அரசாங்கத்தின் தனியுரிமை. உப்பு விளைவிப்போன் குறித்த விலைக்கு அரசாங்கத்திற்கே விற்றல் வேண்டும். அரசாங்கமோ அதனைப் பன்மடங்கு விலைக்கு மக்களுக்கு விற்கும். தான் விளைவித்த உப்பைத் தன் வீட்டுக் கறிக்கு எடுத்தவனும் குற்றவாளியே. இந்நிலையில் உப்பு விளைவித்தல் கைத்தொழிலாக வளருமா? 1930களின் பிற்பகுதியில் ஆனையிறவில் பெரும் உப்பளம் அமைக்கப்பட்டபோதும் அது அரசாங்க உப்பளமாகவே அமைந்தது. அயலூரார்க்கு அங்கே கூலி கிடைத்தது, பங்கு கிடைக்கவில்லை.

இஃது இலங்கை உத்தியோகத்தரின் சிறுமை மட்டுமா என்று கேட்கலாம். அன்று. அக்கரையிலே சென்னையில் நிகழ்ந்ததைப் பார்த்தால் காரணம் விளங்கும். அங்கே பொறியியற் கல்லூரிப் பேராசிரியராயிருந்த அல்பிரட் சாட்டர்டன் என்பார் 1898 இல், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியிலே அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அரசாங்கம் சிறு தொகை உதவிற்று. நம் கன்னார் பித்தளையை அடித்த கையால் அலுமினியத்தையும் அடிக்கக் கற்றனர். தொழில் நிலைபெற்றதும், 1903 இல், அது ஒரு கம்பனிக்கு மாற்றப்பட்டது. அதன்பின் குரோமியத்தாற் பதனிட்ட தோல், சேலத்திலே நெசவுச்சாலை, எண்ணெய் எஞ்சினால் கிணற்று நீர் இறைத்தல் என அவர் முயற்சிகள் விரிந்தன. அரசாங்கம் முன்னின்று சோதனை செய்து, இழப்பைத் தான் ஏற்று, தொழில் வெற்றி பெற்றபின் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் ஐரோப்பிய வணிகர் இதனை விரும்பவில்லை. அரசாங்கம் வணிகரோடு போட்டியிடுவதா எனக் கூக்குரலிட்டனர். இந்திய மந்திரியாயிருந்த மோர்லிப் பிரபு 1910 இல் இலண்டனிலிருந்து கட்டளை அனுப்பினார்: தொழிற் கல்வி புகட்டலாம், தொழில் நடத்தலாகாது! படிப்பித்துவிட்டு வேலைக்கு இடமில்லாமற் செய்யும் இக்கல்வியை என்னென்பது? பின்னர் முதல் மகாயுத்தம் வந்து கண்ணைத் திறந்தது. 1922 ஆம் ஆண்டின் சென்னைத் தொழில் உதவிச் சட்டம் கடன் முதலியன கொடுத்துச் சிறுதொழிலைத் தாங்க இடமளித்தது.

இலங்கையிலோ இத்தகைய எண்ணம் 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டம் வந்து, கைத்தொழிலுக்கென ஒரு மந்திரி அமைந்த பின்னரே தலைதூக்கியது. அப்பதவியை முதலில் வகித்தவர் பெரி. சுந்தரம் என்ற தமிழர். இரண்டாம் மகாயுத்தத்தின்போது கப்பல் வரவு குன்றவே ஒட்டுப்பலகை, கண்ணாடி, தோல், அசற்றிக் அமிலம் முதலியவற்றிற்கு அரசாங்கத் தொழிற்சாலைகள் விரைவாக எழுந்தன. யுத்தம் முடிந்து கப்பல்கள் வந்ததும் அவற்றுட் பல மூடுண்டன. அவற்றுள் ஒன்றும் வன்னிக்கு வரவில்லை. 1943 இல் விவசாயத்துக்கும் கைத்தொழிலுக்கும் கடன் கொடுக்கக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. அது நிலத்தை ஈடாகக் கேட்டது. வன்னிக் குடியேற்றவாசியோ 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் காணி பெற்றவன். அக்காணியை அவன் தன் விருப்பப்படி ஈடுவைக்க முடியாது. ஒரு கை கொடுத்த காணி, மறு கை கொடுக்க வந்த கடனுக்குத் தடையாயிற்று. ஏழைக் குடியானவன் நிலத்தை இழந்துவிடாமற் காக்கவே அத்தடை விதிக்கப்பட்டது என்பதையும் நீதியாகச் சொல்லல் வேண்டும். ஆனால் அதன் பயனாக, சிறு ஆலை ஒன்று வைக்க விரும்பியவனும் கடனின்றி நின்றான்.

வன்னியில் உண்மையான பெருங்கைத்தொழில் சுதந்திரத்தின் பின்னரே வந்தது. 1948 முதல் 1953 வரை கைத்தொழில் மந்திரியாக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் காலத்திலே காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் காகிதம், பரந்தன் இரசாயனம் என்னும் மூன்று முயற்சிகளும் உருப்பெற்றன. பரந்தனைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் வெளிப்படை. சில மைல் தூரத்தில் ஆனையிறவு உப்பளம். வாசலில் புகையிரதப் பாதை. உப்புக் கரைசலினூடே மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடா, குளோரீன், ஐதரசன் ஆகிய மூன்றும் பிறக்கும் என்பதை மாணவர் அறிவர். எரிசோடா சவர்க்காரத்துக்கு உதவும். குளோரீன் நகரங்களின் குடிநீரைத் தூய்மையாக்கும். பின்னிரண்டையும் சேர்த்து ஐதரோகுளோரிக் அமிலம் ஆக்கலாம். நூறாண்டாக வரிப்பொருளாய் மட்டும் கருதப்பட்ட உப்பு, அன்றே மூலப்பொருளாக மதிக்கப்பட்டது. ஊரிளைஞர் பலர் வயலிலிருந்து எழுந்து இயந்திரத்தின் முன் நின்றனர். ஆயினும் இதுவும் முற்றிலும் அரசாங்கத்தின் உடைமையே. குளத்துக்கு மண் சுமந்ததுபோல ஊரார் பங்கெடுக்கும் இடம் இதிலே இருக்கவில்லை. 1980களின் நடுப்பகுதியில் போர்ச்சூழலால் தொழிற்சாலை நின்றபோது, அதை ஏந்திக்கொள்ளக் கூட்டுறவுச் சங்கமோ உள்ளூர்க் கம்பனியோ எதுவும் இல்லை. பரந்தன் என்னும் பெயரைத் தாங்கிய அரசாங்கக் கம்பனி கொழும்பிலிருந்து வெளிநாட்டுக் குளோரீனை இறக்குமதி செய்து விற்கலாயிற்று. பெயர் பிழைத்தது, தொழில் பிழைக்கவில்லை.

இனி வாசிகசாலைக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ். கைத்தொழிலில் யாவும் அரசாங்கத்தினதாக, ஊரார் பங்கு இல்லை. வாசிகசாலையில் யாவும் ஊராரினதாக, அரசாங்கத்தின் பங்கு இல்லை.

வன்னியைப் பற்றி ஆங்கில ஆட்சியில் எழுந்த சிறந்த நூல் ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் உத்தியோகத்தர் எழுதி, 1895 இல் கொழும்பில் அரசாங்கம் அச்சிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலாகும். வன்னியின் வரலாறு, குளங்கள், மக்கள், வழக்கங்கள் ஆகியவற்றை அவர் பெருமுயற்சியுடன் தொகுத்துள்ளார். இன்றும் ஆராய்ச்சியாளர் அதனை நாடாமலிருக்க முடியாது. ஆனால் நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அது எந்த ஊர்களைப் பற்றியதோ அவ்வூர்களில் அதனை வைத்துப் படிக்க ஒரு பொது அலுமாரி இருந்ததில்லை. தம்மைப் பற்றிய நூலைத் தாமே காணாத மக்களாயினர் வன்னியார்.

அரசாங்கங்களுக்கு வேறு வழி தெரியாதிருந்ததா என்றால், தெரிந்த அரசு ஒன்று அக்காலத்தில் இருந்தது. அது ஆங்கிலேயரது அன்று, சுதேச மன்னருடையது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் 1910 இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலக அறிஞரை வரவழைத்து, தம் இராச்சியம் முழுவதும் நூலகங்களைப் பரப்பினார். அவர் வகுத்த முறை எளிது. ஊரார் ஒரு பங்கு திரட்டினால், உள்ளூர்ச் சபை ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் இடும். வன்னியின் துருசுக் கொள்கையே இங்கு புத்தகத்துக்கு ஏறியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரார் முன்வந்தாலன்றி அரசின் பணம் வராது, முன்வந்தால் வாராதிராது.

தமிழ்நாட்டிலே அரசாங்கம் அசையுமுன் அன்பர்கள் அசைந்தனர். 1931 இல் மன்னார்குடிக்கு அண்மையில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகச் செல்லும் நடமாடும் நூலகம் புறப்பட்டது. ஓய்வு பெற்ற பொறியியலாளர் கனகசபைப் பிள்ளை அதன் வண்டியை அமைத்தார். நூலகத் தந்தை எனப் போற்றப்படும் அரங்கநாதன் அவ்வியக்கத்தின் உயிர். ஊர்கள் குளத்துக்குக் குளம் சிதறிக் கிடக்கும் வன்னிக்கு இதனிலும் பொருத்தமான நூலகம் ஒன்றை நினைக்க முடியவில்லை. பின்னர் 1948 இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றி, வீட்டு வரியோடு நூலகத்துக்கென ஒரு சிறு வரியையும் சேர்த்தது.

இலங்கையில் நகரசபைகள் நூலகம் வைக்கலாம் எனச் சட்டம் இடமளித்தது. வைக்கலாம் என்பதற்கும் வைப்பதற்கு இதோ பணம் என்பதற்கும் தூரம் அதிகம். யாழ்ப்பாணத்திலே க. மு. செல்லப்பா என்பார் 1933 இல் தம் இல்லத்தில் தொடங்கிய முயற்சி, பொதுமக்கள் நன்கொடையால் 1934 இல் ஆஸ்பத்திரி வீதியில் 844 நூல்களுடன் வாடகை அறையில் நூலகமாயிற்று. அடுத்த ஆண்டே நகரசபை அதனை ஏற்றது. மக்கள் முந்தினர், சபை பிந்தி வந்தாலும் வந்தது. வன்னியிலோ அவ்வாறு ஏற்க வல்ல நகரசபையும் இல்லை. கிராமசபையின் வருமானம் தெரு திருத்துவதற்கே போதாது. எனவே குடியேற்றக் கிராமங்களில் வாசிகசாலை என்பது ஊரிளைஞர் வேய்ந்த கிடுகுக் கொட்டிலும், ஒரு மேசையும், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் ஒரு பத்திரிகையுமாகவே தொடங்கியது. அதனைக் குறைவாக எண்ணுதல் தகாது. மண்வேலையை ஊரார் முடித்து நின்றனர், துருசுதான் வரவில்லை.

பின்வந்த துயரங்களை விரிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் 1981 இல் எரிக்கப்பட்டது. வன்னியின் வாசிகசாலைகள் இடப்பெயர்வுகளிலும் 2009 இல் முடிந்த போரிலும் அழிந்தன. அவற்றின் நூல்களை எண்ணி வைத்தவர் இல்லாமையால், இழப்பின் அளவைக்கூடச் சொல்ல இயலாது.

இன்று கிளிநொச்சிக்குத் தெற்கே அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. 2021 முதல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகமும் உண்டு. போருக்குப் பின் வந்த ஆலைகளிற் கண்ணிற் படுவன ஆடைத் தொழிற்சாலைகள். துணியும் வெளியிலிருந்து வருகிறது, ஆடையும் வெளியே போகிறது. பரந்தனில் மீண்டும் இரசாயனத் தொழில் தொடங்கும் பேச்சு அவ்வப்போது எழுகின்றது. அது நடக்குமாயின், பழைய தொழிற்சாலையில் உப்புக் கரைசல் எவ்வாறு தெளிவாக்கப்பட்டது, எப்பொறி எக்காரணத்தாற் பழுதுற்றது, ஊரிளைஞர் எத்தனை காலத்தில் வேலை பழகினர் என்பனவற்றை யாரிடம் கேட்பது? தமிழில் அச்சான விளக்கம் எதுவும் என் கைக்கு எட்டவில்லை. அங்கே வேலை செய்தவருள் எஞ்சியிருப்போர் அறுபதைக் கடந்தவர்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து ஏடுகளையும் பத்திரிகைகளையும் சேர்த்து யாவரும் படிக்க வைத்திருக்கின்றது. வாய்மொழியாகக் கேட்டு எழுதியதற்கும் அங்கே இடமுண்டு. அறிவியல்நகரிலிருந்து பரந்தனுக்குக் கண்டி வீதியால் பஸ்ஸிற் சென்றால் அரைமணி நேரம் பிடிக்காது. மாணவர் இருவர் ஒரு குறிப்புப் புத்தகத்துடன் அடுத்த விடுமுறையிலே சென்றுவரலாம்.