சில்லறைக் காசில் எழும்பிய பிள்ளைகள் மண்டபம்



பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் காசு சேர்த்து ஒரு கட்டடம் கட்டலாமா என்று கேட்டால் நம்மில் பலர் சிரிப்பார்கள். 1898ம் ஆண்டில் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த வருஷம் ஜூன் முதல் ஒக்டோபர் முடிய அங்கே பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. 26 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வந்து பார்த்தார்கள். விவசாயத்துக்கு ஒன்று, இயந்திரங்களுக்கு ஒன்று என்று பெரிய பெரிய மண்டபங்கள். அவற்றோடு 'சிறுமியர் சிறுவர் மண்டபம்' என்றும் ஒன்று இருந்தது. (பெயரில் பொம்பளப் பிள்ளையை முதலில் வைத்ததைக் கவனியுங்கள்.) அதற்கான பணம் பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த நன்கொடை.

காலமோ கஷ்ட காலம். 1893ல் அந்த நாட்டில் பண நெருக்கடி வந்து எத்தனையோ வங்கிகள் மூடப்பட்டன. 1894ல் ஒமாஹா இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்தில் மழை பொய்த்துச் சோளப் பயிர் கருகியது. அப்பேர்ப்பட்ட குடியானவர் வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து சதம் என்றாலும் அது சும்மா வந்த காசு அல்ல.

பிள்ளைகளுக்குத் தனி மண்டபம் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு ஐந்து வருஷம் முந்தி, 1893ல், சிக்காகோ கண்காட்சியில் மாதர் சபையார் பணம் திரட்டி இப்படி ஒன்று கட்டினார்கள். அதில் நம்ம பிள்ளைக்காம்பரா மாதிரி ஓர் இடம். தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டு நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கலாம். பெரிய பிள்ளைகளுக்கு வாசிகசாலை, தேகப்பயிற்சிக் கூடம், மொட்டை மாடியில் விளையாட்டிடம். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்கும் வகுப்பையும் அங்கே நடத்திக் காட்டினார்கள்.

அதே சிக்காகோவில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. நம் முன்னோர் பறித்த தேயிலையை அங்கே கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்த தாய்மாரின் பிள்ளைகள் அந்நேரம் எங்கே கிடந்தார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

ஒமாஹா மண்டபங்கள் நிலைத்து நிற்கக் கட்டப்பட்டவை அல்ல. பலகைச் சட்டத்தின் மேல் நார் கலந்த சாந்து பூசி, பார்வைக்குச் சலவைக்கல் போலச் செய்தவைதான் பெரும்பாலும். தூரத்துக் கிராமங்களில் காசு கொடுத்த பிள்ளைகளில் பலர் தங்கள் மண்டபத்தைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். 1899ல் அதே இடத்தில் இன்னொரு கண்காட்சி நடத்தினார்கள். பிறகு எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். இன்று அந்த நிலத்தில் ஒரு பகுதி பூங்காவாக இருக்கிறது.