மயக்க ஊசிக்கு முன் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்க்காதீர்கள்

"நாளைக்குக் காலையில ஆபரேஷன். ராத்திரியில இருந்து ஒண்ணும் குடுத்துராதீங்க." கோவில்பட்டிப் பக்கம் நாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோகிற பலர் இந்த ஒரு வரியோடு வீடு திரும்புகிறார்கள். தண்ணீரும் கூடாதுபோல என்று நினைத்து, எட்டு மணிக்கே சட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் விளாத்திகுளத்திலிருந்தோ கயத்தாறிலிருந்தோ லோடு ஆட்டோ ஏறி வந்து, முறைக்குக் காத்திருந்து, மேசையில் ஏற்றும்போது உச்சிவேளை ஆகிவிடும். கரிசக்காட்டுச் சித்திரை வெயிலில் பதினாறு மணி நேரம் தொண்டை காய்ந்து கிடந்த உடம்பில் அப்போதுதான் மயக்க மருந்து இறங்கும்.

வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. மயக்கத்தில் தொண்டை தளர்ந்துவிடும், புரையேறினால் இருமித் தள்ள முடியாது. வயிற்றிலிருந்து எதுக்களித்து வரும் சோறும் அமிலமும் மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் புண்ணாகி நிமோனியா வரும், உயிரும் போகலாம். பிரசவத்துக்கு மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களிடம் இதைக் கண்டு 1946-ல் விரிவாக எழுதியவர் நியூயார்க் மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன். அதன் பிறகுதான் நள்ளிரவிலிருந்தே பட்டினி என்ற வழக்கம் வேரூன்றியது. இன்று மனிதர்களுக்கே அது தளர்ந்துவிட்டது. சாதாரணமாக 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம்.

நாய், பூனைக்கும் அப்படித்தான். அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி, நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பிராணிக்கு 4 முதல் 6 மணி நேரம் உணவை நிறுத்தினால் போதும், தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. எட்டு வாரம் நிரம்பாத குட்டிக்கு 1 அல்லது 2 மணி நேரத்துக்கு மேல் பட்டினி ஆகாது; சர்க்கரை இறங்கிவிடும். அடிக்கடி எதுக்களிக்கும் நாய்க்கு மட்டும் தண்ணீரையும் சில மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். கூடுதலாகப் பட்டினி போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்பது தவறு. வெறும் வயிற்றில் அமிலம் ஏறி உணவுக்குழாயைப் புண்ணாக்கலாம். நீர் வற்றிய உடம்பில் மயக்கத்தின்போது ரத்த அழுத்தம் இறங்கும், வயதான நாயின் சிறுநீரகம் அதைத் தாங்காது.

நாய்க்குச் சொன்னதை ஆட்டுக்குச் செய்யாதீர்கள். அசைபோடும் பிராணியின் பெருவயிறு லேசில் காலியாகாது; அதற்கு இரையை அரை நாள் முதல் ஒரு நாள் வரை நிறுத்துவார்கள், தண்ணீருக்கும் தனிக்கணக்கு உண்டு. முயலுக்கு நேர்மாறு. அதற்கு வாந்தியே வராது. பட்டினி போட்டால் குடல் ஓட்டம் நின்றுபோகும்.

ஆகவே மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசிச் சாப்பாடு எத்தனை மணிக்கு? தண்ணீரை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும்? அறுவை நேரத்தோடு சேர்த்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். குட்டியோ கிழட்டு நாயோ என்றால் முதல் ஆளாக எடுக்கக் கேளுங்கள். ராத்திரி நாயை அவிழ்த்துவிட வேண்டாம், தெருவில் கறிக்கழிவு கிடைத்தால் தின்றுவிடும். விடியற்காலையில் பிள்ளை பாசத்தில் ஒரு துண்டு கடலைமிட்டாய் ஊட்டியிருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்னொரு நாள் வரச் சொன்னால் வண்டி வாடகைதான் நஷ்டம்.

கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் தராததையே வதை என்கிறது. 2014 ஜல்லிக்கட்டு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பசி தாகத்திலிருந்து விடுதலை என்பதை விலங்குகளின் ஐந்து சுதந்திரங்களில் ஒன்றாக ஏற்றது. மருத்துவக் காரணத்துக்காகச் சில மணி நேரம் நிறுத்துவது வதையாகாது. வரிசை நீள்கிறது என்பதற்காக வாயில்லா ஜீவன் காய்ந்து கிடப்பதை மருத்துவக் காரணம் என்று சொல்ல முடியாது.

கத்தி பிடிப்பவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரா என்றும் பாருங்கள். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அவருக்கே அந்த அனுமதி. அலட்சியத்தால் பிராணி இறந்ததாகச் சந்தேகம் வந்தால், புதைக்கும் முன் அரசுக் கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அந்த அறிக்கை இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிப்பது கடினம். நடத்தை பற்றிய புகார் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்குப் போகும். பணம் கட்டிய சிகிச்சை என்றால், 2 ஆண்டுகளுக்குள் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனையில் இலவசமாக நடந்திருந்தால், கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநரிடமோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனுக் கொடுக்கலாம். மணி எழுதிய அந்தச் சீட்டின் நகலையும் மனுவோடு இணையுங்கள்.