வயிற்றைக் காயப் போடாதீர்கள்!

கோடை முடிந்து முதல் மழை விழுந்தால் போதும், எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வயிற்றுக் கோளாறுதான். சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்காக, ஒரு வீடு இருந்த மனையில் வரிசையாக ஐந்தாறு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே தொட்டி. குழாய் வராத நாளில் லாரித் தண்ணீர். பெரியவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். மாட்டிக்கொள்வது கைக்குழந்தைகள்.

பிள்ளைக்கு வயிற்றாலே போகிறது என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது என்ன? "ஒண்ணும் கொடுக்காதே, வயித்தைக் காயப் போடு. பாலை நிறுத்து." என் மாமியாரும் இதையேதான் சொல்வார். அவர் பேரில் குற்றமில்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேதியோடு உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் ஓடிவிடுகின்றன. உயிருக்கு ஆபத்து அதனால்தான். பட்டினியும் சேர்ந்துகொண்டால் புண்பட்ட குடல் ஆறுவதற்குச் சத்து கிடைக்காது. பேதி நின்றாலும் பிள்ளை எலும்பும் தோலுமாக எழுந்திருக்கும். அடுத்த பேதி வந்தால் தாங்காது.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பக்கத்து அறையில் ஓர் ஒடிசாப் பெண் குடியிருந்தாள். புருஷனுக்கு இரும்புக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு. ஒன்பது மாதப் பெண் குழந்தை. ஒருநாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, பாப்பா தண்ணி தண்ணியா போகுது. மருந்துக் கடையில பால் வேணாம் சொல்லிட்டாங்க" என்றாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து குழந்தைக்குப் பால் இல்லை. இவளுக்கோ பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்ததும் அந்தக் குழந்தை தலையை நீட்டிக்கொண்டு பாய்ந்தது பாருங்கள், அந்தத் தாகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸ் முதலில் சொன்ன வார்த்தை, "இப்பவே பால் கொடும்மா." குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். மடிப்பு மெதுவாகத்தான் பழைய நிலைக்கு வந்தது. நீர் வற்றியிருக்கிறது என்பதற்கு அது அடையாளமாம். எடை போட்டார்கள், 7 கிலோ. கிலோவுக்கு 75 மில்லி வீதம் அரை லிட்டருக்குச் சற்று மேலாக ஓ.ஆர்.எஸ். கரைசலை நாலு மணி நேரத்தில் கொடுத்து முடிக்க வேண்டும் என்று ஒரு கிண்ணத்தையும் ஸ்பூனையும் கையில் கொடுத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். ஊசியும் இல்லை, பாட்டிலும் ஏற்றவில்லை. அவளுக்கு முகம் வாடிப்போய்விட்டது, பெரிய வைத்தியம் செய்யவில்லையே என்று. ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். நடுவில் வாந்தி எடுத்தது. பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் நிதானமாக மறுபடி கொடுக்கச் சொன்னார். மதியம் குழந்தை மூத்திரம் போனதும் அந்த நர்ஸ் முகத்தில் ஒரு சிரிப்பு!

இந்த எளிய வைத்தியத்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பங்காவ் முகாமில் காலரா. ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனோபிஸ் துணிந்து குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து, வாய் வழியாகவே கொடுக்கச் சொன்னார். ஊட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் வீட்டு மனிதர்கள்தான். 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. காலராவிலும்கூடக் குடலில் ஒரு வாசல் மூடுவதில்லை. குளுக்கோஸ் அதன் வழியே நுழையும்போது உப்பையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறது, உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது. அளவு தப்பினால் பிரயோசனமில்லை. சர்க்கரை அதிகமானால் பேதி கூடும். உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து.

ஆகவே பொட்டலத்தில் போட்டிருக்கிறபடி, 1 லிட்டர் என்றால் 1 லிட்டர் தண்ணீரிலேயே முழுவதையும் கரையுங்கள். காய்ச்சி ஆற வைத்த நீர் நல்லது. 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள். பழ ருசியில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்க வேண்டாம். பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் போடக்கூடாதென்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரியில் துத்தநாக மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்ற மூன்றாம் நாளே மாத்திரையை மூலையில் போட்டுவிடுவது நம்மவர்கள் வழக்கம். முழுவதும் கொடுத்தால்தான் குடலும் தேறும், அடுத்து வரும் பேதிகளும் குறையும்.

இனி சாப்பாடு. தாய்ப்பால் எப்போதும்போல, இன்னும் அடிக்கடி. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்த கஞ்சி, துளி உப்பு, அரை ஸ்பூன் நல்லெண்ணெய். இட்லியைத் தயிரில் மசித்துக் கொடுக்கலாம். வாழைப்பழம் கொடுக்கலாம். ஒரேயடியாகத் திணிக்காமல் மூன்று நாலு மணிக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் கஞ்சித் தண்ணீரையே நாள் முழுக்கக் கொடுப்பதும் பட்டினிக்குச் சமம்தான்; பருப்பும் எண்ணெயும் சேர வேண்டும். பேதி நின்ற பிறகு இரண்டு வாரத்துக்கு தினம் ஒருவேளை கூடுதலாக ஊட்டினால், இழந்த எடை திரும்பிவிடும்.

அந்தப் பெண்ணிடம் கஞ்சி வைக்கச் சொன்னபோது, "எங்க ஊர்ல பகாள" என்று சிரித்தாள். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துச் சாப்பிடுவார்களாம். நம் பழைய சோறுதான், அங்கே பெயர் வேறு! நம் வேலூர் சி.எம்.சி.யிலும் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு, பெரியவர்களின் காலராவுக்கு ஓ.ஆர்.எஸ்.ஸில் மாவு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. 2000-ல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், சாதாரணக் கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி சராசரி 91 மணி நேரம், அரிசி மாவு சேர்த்தவர்களுக்கு 71, எளிதில் செரிக்காத ஒருவகை மாவு சேர்த்தவர்களுக்கு 57. அந்த மாவு பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்து, தண்ணீரை உறிஞ்ச உதவுகிறது. சோறு ஆறும்போதும் இந்த வகை மாவு சிறிதளவு உண்டாகிறது. அதற்காகத் தொட்டித் தண்ணீரில் ஊறிய பழையதைக் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு அப்போதைக்கப்போது வைத்த சூடான கஞ்சிதான்.

பேதியை நிறுத்தும் மாத்திரையையோ சிரப்பையோ டாக்டரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, உள்ளே போன கண்கள், அழுதால் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமை, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, குடிக்கவே முடியாமை: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புருஷன் ஷிப்டு முடிந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் போடுங்கள். வண்டி வரும்வரை ஸ்பூனைக் கீழே வைக்காதீர்கள். குழந்தைக்கு நினைவு இருந்து, விழுங்கவும் முடிந்தால், வண்டிக்குள்ளும் கொடுத்துக்கொண்டே போகலாம்.