தினைக்குருவியும் பாக்குவெட்டியும்

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் வசிக்கும் மாணவர்களே! மழைக்காலம் முடிந்ததும் தெருக்கோடியிலுள்ள காலி மனையைக் கவனியுங்கள். காற்றே இல்லாதபோது ஒரு புல் கதிர் மட்டும் வளைந்து ஆடும். அதில் சிட்டுக்குருவியைவிடச் சிறிய பறவை ஒன்று தொற்றிக்கொண்டிருக்கும். அதுதான் சில்லை. தினைக்குருவி என்றும் சொல்வார்கள்.

முதலில் அலகைப் பாருங்கள். குட்டையாக, அடி பருத்து, கூம்பு போலிருக்கும். இது ஏன்? பாட்டி பாக்கு வெட்டும்போது பாக்கைப் பாக்குவெட்டியின் கீலுக்கு அருகில் வைப்பார் அல்லவா? ஆதாரப் புள்ளிக்கு அருகில் வைத்த பொருளின்மீது அதிக விசை செயல்படும். இது நெம்புகோல் தத்துவம். சில்லைக்குத் தாடை மூட்டே ஆதாரப் புள்ளி. அலகு குட்டையாக இருப்பதால் விதை மூட்டுக்கு அருகிலேயே அமைகிறது. எனவே சிறிய தாடைத் தசையின் விசையே உமியை உடைக்கப் போதும். அலகு நீளமாக இருந்தால், அதே தசையால் நுனியில் அவ்வளவு அழுத்தம் தர முடியாது.

அலகைக் கொண்டு விதை தின்னும் பறவை என்று அறிந்தோம். எந்த வகை என்பதை எப்படி அறிவது? மார்பில் மீன் செதில் போன்ற கோலம் இருந்தால் புள்ளிச் சில்லை. தொண்டை கறுத்து, வாலுக்குச் சற்று மேலே வெள்ளைப் பட்டை தெரிந்தால் வெண்முதுகுச் சில்லை. மேனி வெளிர் பழுப்பாகவும், அலகு சாம்பல் நிறமாகவும், வால் கறுத்துக் கூராகவும் இருந்தால் வெண்தொண்டைச் சில்லை.

ஓர் எச்சரிக்கை! செதில் கோலமே இல்லாத பழுப்புப் பறவை ஒன்றைப் பார்த்து, ஏதோ புதிய இனம் என்று என் குறிப்பேட்டில் ஒருமுறை எழுதிவிட்டேன். சற்று நேரத்தில் செதில் மார்புப் பறவைகள் அதன் அருகில் வந்து அமர்ந்தன. நான் கண்டது புள்ளிச் சில்லையின் இளம் பறவை! அதன் மார்பில் கோலம் பிறகுதான் தோன்றும். ஆகவே ஒரு பறவையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; கூட்டம் முழுவதையும் பாருங்கள்.

பச்சை, சிவப்புச் சாயம் பூசிய சில்லைகளைக் கூண்டில் விற்பதுண்டு. சாயம் அடையாளத்தை மறைக்கும். கூண்டு பழக்கங்களை மறைக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வாங்காதீர்கள்.

பத்தடி தள்ளி அசையாமல் நில்லுங்கள். முள்மரத்தில் பக்கவாட்டு வாசலுடன் உருண்டையான புல்கூடு தெரிந்தால் தொடாதீர்கள். காலி மனையின் புல்லை வீணான களை என்று நினைக்கிறோம். சில்லைக்கு அதுவே வயல். கதிர் முற்றி விதை உதிரும்வரை அதை வெட்டாமல் விடும்படி வீட்டாரிடம் சொல்லிப் பாருங்களேன்!